உள்ளிருந்து திறக்க முடியாத பூட்டு

பூட்டுக்காரரின் வெப்சைட்டை உலகத்தில் இரண்டே பேர்தான் பார்த்திருந்தார்கள். ஒருவன் அதைச் செய்து கொடுத்த மைத்துனன். இன்னொருவர், அது இன்னும் இருக்கிறதா என்று தினமும் காலையில் திறந்து பார்த்த பூட்டுக்காரர். மனைவியைப் பார்க்கச் சொன்னதற்கு, "உங்க மூஞ்சியத்தான் நேர்லயே பாக்குறேனே, அது போதாதா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் கைராசி லேசுப்பட்டதல்ல. அவர் மாட்டிய பூட்டைத் திறக்க முடியாமல் திருடர்களே அவரிடம் வந்து சாவி கேட்டிருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைப் பேசியது பெரும்பாலும் அவரேதான். ஆனாலும் ஆறு மாதமாக வெப்சைட் வழியாக ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. பக்கத்துத் தெருவில் நேற்று முளைத்த பையனுக்கெல்லாம் போன் ஓயாமல் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் மடிக்கணினியோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

"மாமா, நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்க? 'தரமான பாதுகாப்பின் உறைவிடம்.' சாவியத் தொலைச்சுட்டு வாசல்ல நிக்கிறவன் இதையா தேடுவான்?"

"வேற என்னத்தத் தேடுவான்?"

"'கதவு திறக்கணும், ஆள் வேணும்'னு தேடுவான். அவன் வாய்ல வர்ற வார்த்தைய நம்ம பக்கத்துல போட்டாத்தான் நம்மள அவனுக்குக் காட்டும். அதுக்குப் பேருதான் கீவேர்டு."

அவன் ஒரு பட்டியலைத் திறந்தான். இந்த வட்டாரத்தில் மக்கள் பூட்டைப் பற்றி என்னவெல்லாம் தேடுகிறார்கள், மாதம் எத்தனை தடவை, அந்த வார்த்தைக்கு எத்தனை கடைகள் போட்டி போடுகின்றன என்று எல்லாம் அதில் இருந்தது. நல்ல வார்த்தைகளை எல்லாம் பெரிய கடைகள் வளைத்துப் போட்டிருந்தன. பட்டியலின் கடைசிக்குப் போனபோது மைத்துனன் விசில் அடித்தான்.

"மாமா, லட்டு மாதிரி ஒண்ணு மாட்டிருக்கு. 'உள்ளே இருந்து திறக்க முடியாத பூட்டு.' மாசத்துக்குப் பத்துத் தேடல். போட்டி சுத்தமா இல்ல. ஒருத்தனும் இதைத் தொடல!"

"பத்துப் பேரா?"

"சின்ன மீனுதான். ஆனா பத்தும் நமக்குத்தான்."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன்டா, உள்ள யார வைக்கிறதுக்கு அந்தப் பூட்டு?"

மேசையில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூட்டுக்காரரின் முதுகில் எறும்பு ஒன்று ஏறி இறங்கியது போலிருந்தது. "கோழி, நாய் ஏதாவது இருக்கும்" என்றார்.

"கோழி பூட்டத் திறக்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மைத்துனன் அந்த வார்த்தையைத் தலைப்பில், நடுவில், படத்துக்கு அடியில் என்று மொத்தம் ஏழு இடத்தில் போட்டுவிட்டுத்தான் எழுந்தான்.

புதன்கிழமை மதியம் போன் வந்தது. பஞ்சில் ஒற்றி எடுத்தது போல மெதுவான ஆண் குரல்.

"உள்ளே இருந்து திறக்க முடியாத பூட்டு உங்ககிட்ட இருக்குன்னு போட்டிருந்தது. நிஜமாவே இருக்கா சார்? இந்த மாசம் பத்துத் தடவை தேடிட்டேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் கிடைச்சீங்க."

பத்துப் பேர் இல்லை. ஒரே ஆள்தான் பத்துத் தடவை. பூட்டுக்காரர் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆறு மாதம் காத்திருந்த வாய், "இருக்கு சார், வர்றேன்" என்றது.

சந்து குறுகல் என்பதால் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அந்த மனிதர் வாசலில் நின்றார். சிரித்தார். ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசவில்லை. நடையின் கோடியில் இருந்த அறையைக் காட்டினார். ஒரு கட்டில், ஒரு தண்ணீர்க் குடம். ஜன்னல் இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது. கதவின் இரண்டு பக்கமும் மெத்தைபோலப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது.

"யாரு தங்குற ரூம் சார்?"

"எங்க அக்கா. அவங்க மனசு சரியில்ல. சாத்தினாலே விழுந்துடுற மாதிரி போடுங்க. சாவி என்கிட்ட மட்டும் இருக்கட்டும்."

அவர் மாடிக்குப் போனதும், அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் கையில் கத்தியோடு நடைக்கு வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"அண்ணே, அக்காவுக்குன்னு சொன்னானா? அப்படித்தான் சொல்லுவான். ரூம் அவனுக்கு. ராத்திரியில என் கட்டில் பக்கத்துல வந்து நின்னு பாத்துக்கிட்டே இருக்கான். சாவிய எனக்கு மட்டும் குடுங்க, சரியா?"

யார் சொல்வது நிஜம் என்று பூட்டுக்காரருக்குப் பிடிபடவில்லை. ஒருத்தரைப் பார்த்தால் மற்றவர் சொன்னது நிஜமாகத் தெரிந்தது. போலீஸுக்குச் சொல்லலாம்தான். யாரைப் பற்றிச் சொல்வது? பயந்த மனிதன் எல்லோருக்கும் நல்லவனாக இருப்பான். அவர் வேலையை முடித்து, பையை முதலில் கொண்டுபோய் வண்டியில் கட்டிவிட்டு வந்தார். மாடிப்படியில் தம்பி கையில் ஒரு சாவியை வைத்தார். அடுப்படியில் அக்கா கையில் ஒரு சாவியை வைத்தார். கிளம்பியிருக்கலாம்.

ஆனால் தொழில்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. தான் மாட்டிய பூட்டை இழுத்துப் பார்க்காமல் அவர் எந்த வீட்டையும் விட்டுப் போனதில்லை. உள்ளிருந்து திறக்காத பூட்டு என்றால் உள்ளிருந்துதானே இழுத்துப் பார்க்க வேண்டும்? அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். டக்கென்று விழுந்தது. இழுத்தார். அசையவில்லை. தோளால் முட்டினார். இம்மி அசையவில்லை.

"அடேங்கப்பா, என்னா வேலை!" என்று தன்னையே மெச்சிக்கொண்டார். அந்த மெச்சல் வாயிலிருந்து முழுதாக வெளியே வருவதற்குள், சாவி இரண்டும் வெளியே இருப்பது நினைவுக்கு வந்தது.

தட்டினார். பஞ்சு சத்தத்தைத் தின்றது. கத்தினார். அதையும் தின்றது. தரையில் படுத்துக் கதவின் அடியிடுக்கில் காதை வைத்தார். மெத்தென்று காலடி வந்து நின்றது.

"அக்கா," என்றது தம்பியின் குரல், "நீயே உள்ள போய்ட்டியா? ரொம்ப நல்லதாப் போச்சு. தட்டாதே. கை வலிக்கும்." காலடி விலகியது.

பூட்டுக்காரர் பேச வாயெடுத்தார். அதற்குள் காலடி மாடி ஏறிவிட்டது. சற்றைக்கெல்லாம் வேறு காலடி.

"மாட்டினியாடா?" இது அக்கா. "நல்லா தட்டு. அந்தக் கதவு கேக்காது. நானும் கேக்கமாட்டேன்."

உள்ளே இருப்பது பூட்டுக்காரர் என்று தெரிந்தால் இந்த இருவரும் விடுவார்களா? இரண்டு பேர் சொன்னதையும் கேட்டவர் அவர் ஒருவர்தான். மைத்துனனைக் கூப்பிட போனை எடுத்தார். அது கைக்குள்ளேயே அதிர்ந்தது. புது எண்.

"பூட்டுக் கடைங்களா?" போனில் அக்காவின் குரல். "இப்பத்தான் வந்துட்டுப் போனீங்க. உங்க நம்பர் வாங்க மறந்துட்டேன். நல்லவேளை, உள்ள இருந்து திறக்க முடியாத பூட்டுன்னு போட்டதும் நீங்கதான் முதல்ல வந்தீங்க. அவன உள்ள போட்டுட்டேன்ணே. பலமா முட்டுறான். இன்னொரு பூட்டு மேல போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

பூட்டுக்காரர் கடையில் பேசும் குரலைத் தேடி எடுத்தார்.

"போட்டுடலாம்மா. ஆனா கதவு மூடியிருந்தா ரெண்டாவது பூட்டுக்கு அளவு கிடைக்காது. கொஞ்சம் திறந்து வைங்க."

"நீங்க வந்ததும் திறக்கறேன்."

"கதவு பக்கத்துலதாம்மா நிக்கிறேன். நீங்க திறந்ததும் முன்னால இருப்பேன்."

பொய் இல்லை. போன் ஓய்ந்தது. காலடி வந்தது. சாவி திரும்பும் சத்தம் ஒவ்வொரு பல்லாகக் கேட்டது. அவர் பல்லும் கூடவே கேட்டது. கதவு விரலளவு விலகியதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே பாய்ந்தார்.

அக்கா கத்தியைப் பிடித்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பரவால்லயே. சொன்னவுடனே வந்துட்டீங்க."

பிறகு திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டில் காலி.

"அப்ப அவன் எங்க?"

மாடிப்படியில் ஒரு பலகை முனகியது. கையில் சாவியோடு இஸ்திரிச் சட்டை நின்றது. அந்த மனிதர் அக்காவைப் பார்க்கவில்லை. பூட்டுக்காரரைத்தான் பார்த்தார்.

"சார்," என்றார் அதே பஞ்சுக் குரலில், "எங்க அக்கா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

பூட்டுக்காரருக்கு அறுபதைத் தாண்டிய முழங்கால். ஆனால் அன்று அவர் சந்தில் ஓடிய வேகத்தில் செருப்பு ஒன்று பின்னால் வந்து சேர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டது.

மைத்துனனை வரவழைத்து முதல் வேலையாக அந்த வார்த்தையை ஏழு இடத்திலும் எடுக்கச் சொன்னார். அவன் எடுத்துக்கொண்டே, "ஆறு மாசம் யாரும் வரலன்னு அழுதீங்க, இப்ப வந்தா எடுங்கறீங்க" என்று முணுமுணுத்தான்.

"மாப்ளே, நம்மள யாரும் கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி ஒரு வார்த்தை இருந்தா அதைப் போடு."

"அப்படி ஒண்ணு கிடையாது மாமா. நம்மள ஏற்கெனவே கண்டுபிடிச்சவங்க நம்பரச் சேத்து வச்சிருப்பாங்க."

மேசைமேல் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

"யாரு மாமா இது? ரெண்டு நம்பர்லேருந்து மாத்தி மாத்தி வருது."

பூட்டுக்காரர் எழுந்து போய்த் தம் வீட்டு வாசற்கதவைச் சாத்தினார். உள்ளிருந்து திறந்து பார்த்தார். திறந்தது. சாத்திவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.