தங்க அட்டையும் சிஹோவின் பரீட்சையும்

பல் மருத்துவர்களுக்கு நாற்காலி விற்பது என் வேலை. வீடு வட ஜப்பானில் அகிதாவில், வாரத்தில் பாதி நாள் ஏதாவது ஓர் ஊர் ஹோட்டலில். ஒன்பது வருஷமாகப் பச்சைப் பலகை போட்ட ஒரே கம்பெனியின் ஹோட்டலைத் தவிர வேறெங்கும் நான் தலை சாய்த்ததில்லை. ஸ்டேஷன் வாசலிலேயே வேறு ஹோட்டல் இருந்தாலும், பனியில் பெட்டியை இழுத்துக்கொண்டு இருபது நிமிஷம் நடந்து பச்சைப் பலகைக்குத்தான் போவேன். வருஷத்துக்கு ஐம்பது இரவு தங்கினால் தங்க அட்டை. டிசம்பரில் இரண்டு மூன்று குறைந்தால், சொந்த ஊரிலேயே அறை எடுத்துப் படுத்து எண்ணிக்கையை நிரப்புவோம். இதற்கு அட்டைக்காரர்கள் எங்களிடையே தவம் என்றே பெயர். என் கணவர் நோரிஹிதே, "சாமியாரம்மா மலையேறக் கெளம்பியாச்சா?" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். எவ்வளவு கூட்டமானாலும், மூன்று நாள் முன்னால் சொன்னால் தங்க அட்டைக்கு அறை நிச்சயம். அது லேசான விஷயமா?

மகள் சிஹோவுக்கு பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி சென்டாயில் பல்கலைக்கழகத் தேர்வு. புத்தியுள்ள குடும்பங்கள் செப்டம்பரிலேயே, பிள்ளை எந்த ஊரில் எழுதும் என்று தெரியாமலே, மூன்று நான்கு ஊர்களில் அறை பிடித்து வைக்கும். ஜனவரிப் பொதுத்தேர்வு மார்க்கைப் பார்த்துவிட்டு வேண்டாததை ரத்து செய்யும். நான் செய்யவில்லை.

"ஊர் ஊரா ரூம் போடறதெல்லாம் அட்டை இல்லாதவங்க பாடு. அம்மா இருக்கேன்ல?" என்று சாப்பாட்டு மேஜையில் மார்தட்டினேன். சிஹோ தலை நிமிராமல் சூப்பைக் குடித்தாள்.

பிப்ரவரி பத்தாம் தேதி போன் செய்தேன்.

"தொகாஷி மேடம், ரொம்ப வருத்தப்படறோம்," என்றது ஒரு பெண் குரல். "இருபத்துநாலாம் தேதி விசேஷ நாள் பட்டியல்ல வருதுங்க. அன்னிக்கு அந்த உத்தரவாதம் கிடையாதுங்க."

"கூட்டமான நாளைக்குத்தானேம்மா உத்தரவாதம்? காலியா கெடக்கிற நாளைக்கு எனக்கு எதுக்கு அட்டை?"

"ரொம்ப வருத்தப்படறோம்."

நான்கு முறை வருத்தப்பட்டாள். பரீட்சை அன்று காலை ரயிலில் போகலாம் என்றால், பனி கொட்டினால் மலைக் கணவாயில் ரயில் நின்றுவிடும். சிஹோவின் ஒரு வருஷப் படிப்பும் அங்கேயே நின்றுவிடும். விடுவதாக இல்லை. வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல், மறுநாளே சென்டாய் பச்சைப் பலகைக்கு நேரில் போனேன். அங்கே வரவேற்பில் நிற்பவர் குசகா. ஒன்பது வருஷமாக நான் கேட்காமலே எனக்கு உயரமான தலையணை எடுத்து வைக்கிறவர்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நூத்திப் பன்னெண்டு ரூம்லயும் பரீட்சைப் புள்ளைங்கதாங்க. உங்களுக்கு ஒண்ணு தரணும்னா ஒரு புள்ளைய வெளிய தள்ளணும். அத நான் செய்யமாட்டேன்."

கோபப்பட நினைத்தேன். முடியவில்லை.

"மத்த ஹோட்டல்ல பாத்தீங்களா? பல பேரு ரத்து பண்ற நேரம் இது," என்றார்.

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. என் போனில் வேறொரு ஹோட்டலின் எண்கூடக் கிடையாது. ஒரு கம்பெனியை நம்பி நம்பி, ஊரில் மற்ற கட்டடங்களெல்லாம் என் கண்ணுக்கு இல்லாமலே போயிருந்தன.

அன்றிலிருந்து மூன்று நாள் விடாமல் தேடினேன். ரயிலில், மருத்துவமனைப் படிக்கட்டில், சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டே. ஓர் அறை முளைக்கும். பெயரை அடிப்பதற்குள் போய்விடும். நான்காம் நாள் சாயங்காலம் சிஹோவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அம்மா தப்புப் பண்ணிட்டேன்டி. ரூம் கிடைக்கல. ஆனா விடமாட்டேன், இன்னும் தேடறேன்."

அவள் பேனாவை வைத்துவிட்டுத் தன் போனை நீட்டினாள். சென்டாய், இருபத்துநாலாம் தேதி, பச்சைப் பலகைக்கு எதிர்வரிசை நீலப் பலகை ஹோட்டல். அவள் பெயரில்.

"செப்டம்பர்லயே போட்டுட்டேன். அப்பா சம்மதக் கையெழுத்து போட்டாரு."

"ஏண்டி சொல்லல?"

"நீ வாங்கிட்டா இத ரத்து பண்ணிக்கலாம்னு இருந்தேன். சொன்னா உன் அட்டைய நம்பலன்னு வருத்தப்படுவியே."

நம்பவில்லைதான். முதலில் எனக்கு உயிர் வந்தது, அப்புறம் அவமானம். அறை விவரத்தைத் திரும்பப் படித்தேன். இரண்டு கட்டில்.

"அப்பா வராரா?"

"இல்ல, உனக்குத்தான்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அங்க தங்கினா உன் அம்பதுல சேராது. பரவால்லையாம்மா?"

கேலியாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். கேலி இல்லை. பதினெட்டு வருஷம் வளர்த்த பெண்ணுக்கு நிஜமாகவே விடை தெரியவில்லை. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

"வரேண்டி," என்றேன். "நீயே வேண்டாம்னாலும் வருவேன்."