அத்திக்குப் போர்த்திய கோட்டு

றோசமலர் அத்திமரத்துக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். மரத்தை மூடிய சாக்குகளுக்கு மேலே சுற்றியிருந்தது அவள் புருசன் யாக்கோபுவின் கம்பளிக் கோட்டு. சவப்பெட்டியை மூடுமுன் அதை அவனுக்குப் போட்டுவிட வேண்டும்.

பகேரியா ஊரில் இந்த வில்லாவுக்குத் தோட்டக்காரன் அவன். காய்ச்சலோடு கிடந்தவனை, பனி விழப்போகிறது, அத்தியை மூடு என்று வீட்டின் இத்தாலிய எசமானி, சிஞ்ஞோரா, கூப்பிட்டாள். சாக்குப் போதவில்லை. கோட்டை மரத்துக்குப் போர்த்துவிட்டு வெறும் சட்டையோடு பஸ்ஸில் சீசாவிலுள்ள தங்கள் வீட்டுக்கு வந்தவன், நேற்று விடிய நிமோனியாவில் போய்விட்டான்.

மாடியிலிருந்து சிஞ்ஞோராவின் குரல் வந்தது. யாக்கோபுவின் தம்பி எமிலியானுஸ் அதே வீட்டுச் சமையல்காரன். பக்கத்தில் நின்ற அவன்தான் அதைத் தமிழில் சொன்னான்.

"மெத்தக் கவலையாம், மச்சாள். ஆனால் இண்டைக்கு ராவும் பனியாம். கோட்டை நாளைக்கு எடுக்கேலாதோ எண்டு கேக்கிறா."

"நாளைக்கு எடுத்து ஆருக்குப் போடுறது? உன்ரை சிஞ்ஞோராவுக்கோ?"

"என்ரை வேலையைத் துலைச்சுப் போடாதையுங்கோ."

றோசமலர் ஒரு நுனிக் கொப்பை முறித்தாள். வெள்ளைப் பால் கசிந்தது.

"மரம் நித்திரையாம், இனிக் குளிர் தாங்குமாம் எண்டு சொல்லு."

நித்திரையான மரம் இப்படிப் பால் விடாது. யாக்கோபு சொல்லியிருக்கிறான். மதிலோரத்து ஊர் அத்திகள் குளிருக்கு முன்பே கொப்பு முற்றி, நீர் வற்றி உறங்கிவிடும். பனி அவற்றை ஒன்றும் செய்யாது. இது சிஞ்ஞோரா ஆசைப்பட்டு வாங்கிய புது இனம். மார்கழி வரை உரமும் தண்ணீரும் விடச் சொன்னாள். கொப்பெல்லாம் இன்னும் பச்சை. உள்ளே நீர் உறைந்தால் கருகிவிடும். குளிர்ந்த காற்றோ பாரமானது, பள்ளம் பார்த்து இறங்கும். மரம் நின்றது பள்ளத்தில்.

கோட்டைத் தோளில் போட்டு இரண்டடி நடந்தவள் நின்றாள். இன்னொன்றும் சொல்லியிருக்கிறான்: கொப்புச் செத்தாலும், அடியில் மூடாக்கு இருந்தால் வேரிலிருந்து பங்குனியில் துளிர்க்கும்.

திரும்பி வந்து குந்தினாள். அடியில் அவன் பரப்பியிருந்த வைக்கோலை இழுத்தெறிந்து, அணைத்திருந்த மண்ணையும் வேர் தெரியும்வரை கையால் வறுகினாள்.

எமிலியானுஸ் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மாடிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து, முதுகைக் காட்டி நின்றான்.

சீசா வீட்டில், பெட்டியருகே குனிந்து அவனுக்குக் கோட்டைப் போட்டுவிட்டுப் பொத்தான்களைப் பூட்டினாள். கழுவியும் போகாத அத்திப்பாலில் விரல்கள் ஒட்டின. ஒவ்வொரு பொத்தானும் அவள் கையை விட்டுப் பிரியச் சற்று நேரமெடுத்தது.