இருபத்தொன்றாவது சங்கு

1

இந்தக் கதை ஒரு எழுத்துப் பிழையில் பிறந்தது. "ஜெஸ்டின் தெக்குப் பாருல எறங்குனான்" என்றான் ஜோன்ஸ். விசாரிக்க வந்த அதிகாரி இந்துமதி, "ஜெஸ்டின் தெற்கே பார்த்து இறங்கினார்" என்று எழுதினார். விளாத்திகுளத்துக் கரிசலில் வளர்ந்தவருக்குப் பார் என்றால் பார்ப்பது. தூத்துக்குடிக் கடலில் பார் என்பது சங்கு விளையும் கடலடிப் பாறைத்திட்டு.

சங்கு குளிக்க இறங்கிய ஜெஸ்டினின் காற்றுக்குழாய் அறுந்தது. மூன்றாம் நாள் உடல் மணப்பாட்டில் ஒதுங்கியது. இடுப்புப் பையில் ஒரே ஒரு சங்கு. பையை அவிழ்த்தது போலீஸ். படகில் கூட இருந்த ஜோன்ஸ் அந்தச் சங்கைத் தொட்டதில்லை. அது தெக்குப் பார்ச் சங்கு என்றால் விபத்து. தடைசெய்த தீவுப் பார்ச் சங்கு என்றால் திருட்டு: ஜோன்ஸுக்குச் சிறை, ஜெஸ்டினின் மனைவி பிளாரன்ஸின் படகு பறிமுதல்.

தடவினாலே எந்தப் பார் என்று ஜோன்ஸுக்குத் தெரியும். எப்படி என்று சொல்லமாட்டான்.

"சொன்னா நாளைக்கே கரையில ஒவ்வொரு சாக்கா தடவுவிய, மேடம். நாப்பது வீட்டு ஆம்பளையும் உள்ள போவணும்."

ரகசியத்தைச் சொல்லாமல், அது தெரியும் என்பதை மட்டும் எப்படி நிரூபிப்பது?

2

கணினிக்காரர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பூஜ்ய அறிவு நிரூபணம் என்பார்கள். பிறந்த தேதியைக் காட்டாமலே பதினெட்டு வயதாகிவிட்டது என்று நிரூபிக்கலாம். (இதை விளக்க எனக்கு மிகவும் பிடிக்கும். பிணம் ஒன்று கிடப்பதை மறந்துவிடும் அளவுக்கு.)

பாருக்கு ஒன்றாக இரண்டு சங்கு. இந்துமதி முதுகுக்குப் பின்னால் மாற்றியோ மாற்றாமலோ நீட்டுகிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு ஜோன்ஸ் தடவி...

[அடித்துவிட்டேன். ஒரு சங்கில் சின்ன மூளி இருந்தால் போதும், நான்கூட ஜெயிப்பேன்.]

3

ஆகவே, பாருக்கு ஒரு கூடையாக இந்துமதியின் ஆட்கள் அள்ளிவந்ததில், அவன் தொடாத இருபது சங்குகள். பூ விழுந்தால் தீவுக் கூடை, தலை விழுந்தால் தெற்குக் கூடை என்று ஒவ்வொன்றுக்கும் காசு சுண்டி எடுத்தார் இந்துமதி. கட்டிய கண்ணோடு தடவியே ஜோன்ஸ் இருபதையும் சரியாகச் சொன்னான். குருட்டாம்போக்கில் அப்படிச் சொல்லப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். அடையாளம் என்னவென்று இந்துமதிக்கு இப்போதும் தெரியாது. அது அவனுக்குத் தெரியும் என்பது தெரிந்துவிட்டது.

பிளாரன்ஸ் நிம்மதியாக...

[இல்லை.]

"இது ஜெஸ்டின் பையிலிருந்தது" என்று சொல்லி அந்தச் சங்கை எடுத்தார் இந்துமதி.

"தெக்குப் பாரு" என்றான் ஜோன்ஸ், கட்டிய கண்ணோடு, அதைத் தொடும் முன்பே.

என் கதை உடைந்தது இங்கேதான். அவனுக்குத் தெரியும் என்றுதான் நிரூபித்தேன். உண்மை சொல்வான் என்று நிரூபிக்கவில்லை. ஒன்பது நாள் எழுதவில்லை.

4

வழியைப் பிளாரன்ஸ் சொன்னாள்.

"அத மத்த சங்கோட கலந்துருங்க மேடம். எதுன்னு இவனுக்குத் தெரியாண்டாம்."

"அது எதுக்கு, மைனி?" என்றான் ஜோன்ஸ்.

"நெசந்தானல சொல்லுத? பெறவு ஒனக்கென்ன?"

"படகு போயிரும் மைனி."

"ஊரே அவர கள்ளன்னு பேசுது. எனக்குத் தெரிஞ்சாவணும்."

அவளை வாய் மூட வைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கம் நிற்கவில்லை.

அந்தச் சங்கு எந்தக் குவியலுக்குப் போனது என்று நான் எழுதப்போவதில்லை. முடிவுக்குப் பதில் வழியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வழி இதுதான்: இன்னும் இருபது புதுச் சங்குகளோடு ஜெஸ்டினுடையதைக் கலந்து, இருபத்தொன்றையும் கண்ணைக் கட்டி ஜோன்ஸிடம் பிரிக்கக் கொடுக்க வேண்டும். பொய் சொல்ல நினைத்தாலும் எந்தச் சங்கில் சொல்வது என்று அவனுக்குத் தெரியாது. மற்ற இருபதும் சரியாக இருந்தால், இருபத்தொன்றாவதையும் நம்பலாம்.