கணவாய் தெளிவா இருக்கு

செய்தி வந்தபோது மணி பதினொன்றே கால். விமானப் பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரின் போனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் பயிற்சி விமானம் ஒன்று விழுந்துவிட்டது, ஓட்டியவர் மாணவர், தனியாகப் போனவர், பிழைக்கவில்லை. அவ்வளவுதான் செய்தி. பெயர் போடவில்லை. பெயர் போடாத செய்திதான் பெற்றவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இந்த மாதிரி நேரத்துக்கென்று மாணவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். போனை எடுத்தால் "ஹலோ" கிடையாது, "சொல்லும்மா" கிடையாது. முதல் வார்த்தையே "தரையில இருக்கேன்." மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். அன்றைக்கு ஏழு குரலும் ஏழு மூலையில் நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தன, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

மெத்தையும் சொன்னாள். அவளுக்கு அந்தப் பெயர் உயரத்தால் வந்தது. ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. இருக்கையில் தடித்த பஞ்சு மெத்தை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தால்தான் விமானத்துக்கு வெளியே உலகம் என்று ஒன்று இருப்பது தெரியும். தையல்காரியான அவள் அம்மா அதற்கு நீல உறை தைத்துக் கொடுத்திருந்தாள். "இன்ஜின் இல்லாமக்கூடப் பறப்பா, மெத்தை இல்லாமப் பறக்க மாட்டா" என்பது பள்ளியின் பழைய கேலி. காலையில் பறந்து இறங்கி ஒரு மணி நேரம் ஆகியும் மெத்தை அவள் கக்கத்திலேயே இருந்தது.

"எங்கடா விழுந்ததாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கணவாய்ல" என்றான் நெட்டையன், போனைப் பார்த்தபடியே. வகுப்பிலேயே உயரம் அவன்தான், சத்தமும் அவன்தான். "பத்தேகால் மணிக்காம். மேகம் இறங்கியிருந்துச்சாம்."

மெத்தைக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, செத்தது யாரென்று.

இரண்டு பள்ளிக்கும் ரேடியோவில் ஒரே அலைவரிசை. எங்கே பறக்கிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே பறக்க வேண்டும். சொல்வதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தப் பள்ளியில் ஒருவன் மட்டும் விதியைக் காற்றில் பறக்கவிட்டு, ஒவ்வொரு தடவையும் "எல்லாருக்கும் வணக்கம்" என்றுதான் ஆரம்பிப்பான். இங்கே அவனுக்கு வணக்கக்காரன் என்று பெயர். முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் வணக்கம் கேட்காத நாளில் ஆகாயமே கொஞ்சம் முறைத்துக்கொண்டிருப்பதாக மெத்தைக்குத் தோன்றும்.

அன்று காலை பத்து மணிக்கு அவன் வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்டான்: "ஊருக்குத் திரும்பிட்டு இருக்கேன். கணவாய் எப்படி இருக்குன்னு யாருக்காவது தெரியுமா? இல்லைன்னா சுத்திப் போறேன்."

சுற்றிப் போனால் இருபது நிமிஷம் அதிகம். அவ்வளவுதான்.

வகுப்பில் மற்றவர்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்ததால் அலமாரியில் இருந்த ரேடியோவை அணைத்திருந்தார்கள். மலை மறைப்பதால் அந்தப் பள்ளிக்கும் கேட்காது. காற்றில் இருந்தது அவனும் மெத்தையும்தான். அவள் ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கணவாய் தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் ஏரிப் பக்கம் போயிருந்தபோது பார்த்திருந்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது, அந்தப் பக்கத்து வயல்கூடத் தெரிந்தது. ஒருவன் கேட்கிறான், பதில் தன்னிடம் இருக்கிறது. அந்தப் பெருமையில் பட்டென்று சொன்னாள்: "கணவாய் தெளிவா இருக்கு."

பார்த்தது ஒன்பதரைக்கு. சொன்னது பத்துக்கு. நடுவில் அரை மணி நேரம், அதை அவள் சொல்லவில்லை.

தலைமைப் பயிற்சியாளர் முதல் நாளிலிருந்தே தலைபாடாய் அடித்துச் சொல்லிவந்த பாடம் அது. "நேரம் சொல்லாத வானிலையும் தேதி போடாத பால் பாக்கெட்டும் ஒண்ணு. நம்பிக் குடிச்சா உன் பாடு, உன் வயித்துப் பாடு." எல்லாரும் சிரித்தார்கள். மெத்தைதான் அதிகம் சிரித்தாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சுதான். பறக்கிறவர்களுக்கு இதில் ஒரு புத்தி உண்டு, நல்ல புத்தி என்று சொல்ல முடியாது. செத்தவன் மேல் ஒரு தப்பைக் கண்டுபிடிக்கிறவரை அவர்களுக்குச் சோறு இறங்காது. அவன் தப்புச் செய்தான், நாம் செய்ய மாட்டோம், ஆகவே நாளைக்கு நாம் திரும்பி வருவோம். கணக்கு அவ்வளவுதான். பயம் இப்படித்தான் புத்திசாலி வேஷம் போட்டுக்கொண்டு வந்து உட்காரும்.

"மேகத்தைப் பார்த்ததும் திரும்பியிருக்கணும்."

"திரும்ப அங்க இடம் ஏது? உள்ள போயிட்டா போனதுதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று நெட்டையன் மேசையைத் தட்டினான். "உள்ள யாரு போகச் சொன்னா அவனை?"

மெத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யார் போகச் சொன்னார்கள் என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். "விசாரணைக்கு வேணுமாம். அந்த நேரத்துல மேல இருந்தது நீதான். பார்த்தது, கேட்டது, எல்லாம் எழுது."

அவள் எழுதினாள்: 9.10க்குப் புறப்பட்டேன். 10.20க்கு இறங்கினேன். வேறு விமானம் எதையும் பார்க்கவில்லை.

ஒரு எழுத்தும் பொய் இல்லை. அந்தப் பேச்சைப் பதிவு செய்கிற கருவியும் எங்கேயும் இல்லை. உண்மையைச் சொன்னால் பறப்பது போய்விடும். இரண்டு வருஷமாக அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் பொண்ணு பைலட்டு" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருந்தாள். சொல்லாவிட்டாலோ, போகிறது செத்தவன் பெயர். செத்தவனுக்குப் பெயரை வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று அவள் தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மூன்றாம் நாள் முற்பகலில் வகுப்பறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நர்ஸ் வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். சட்டைப் பையில் பேனாவும் சின்னக் கத்தரியும் அப்படியே இருந்தன. தலைமைப் பயிற்சியாளர் எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"நான் அவனோட அக்கா" என்றாள். "சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவனாத்தான் மேகத்துக்குள்ள போனான்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க அப்பாவும் நம்பிட்டார். 'அவசரக்குடுக்கை, சொன்னாக் கேட்க மாட்டான்'னு சொல்லிச் சொல்லி அழறார். பெத்த பிள்ளையைத் திட்டிக்கிட்டே அழறதை உட்கார்ந்து பார்க்க முடியலைங்க. அவன் அப்படி இல்லை. யாரையும் கேட்காம ஒரு தெருவைக்கூடத் தாண்ட மாட்டான்."

நெட்டையன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க பள்ளியில ஒரு பொண்ணு இருக்காளாமே? ரேடியோல குரல் கணீர்னு இருக்குமாம். 'அக்கா, அந்தப் பொண்ணு சொன்னா சொன்னதுதான்'னு வீட்டுல சொல்லுவான். அவளுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கும்னுதான் வந்தேன்."

அந்தப் பள்ளியில் பெண் ஒருத்திதான். ஆறு தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

மெத்தை எழுந்து நின்றாள். "நான்தான் அக்கா" என்றாள். பிறகு நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். "கேட்டார் அக்கா. கணவாய் எப்படி இருக்குன்னு கேட்டார். இல்லைன்னா சுத்திப் போறேன்னு சொன்னார். நான்தான் தெளிவா இருக்குன்னு சொன்னேன். அரை மணி நேரம் முன்னாடி பார்த்ததை, இப்பப் பார்த்த மாதிரி சொல்லிட்டேன். 'நன்றிங்க, நல்லபடியா இறங்குங்க'ன்னு சொன்னார். அதுதான் கடைசி."

தலைமைப் பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சார், அந்தத் தாள்" என்றாள் மெத்தை.

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எழுதுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். மூன்று வரிக்குக் கீழே மெத்தை நான்காவது வரியை நேரம் போட்டு எழுதினாள். கேட்டது பத்து மணி, பார்த்தது ஒன்பதரை. எழுதிய தாளை அக்காவிடமே கொடுத்தாள்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று மெத்தை காத்திருந்தாள். அடித்தால்கூட நன்றாக இருக்கும்போல இருந்தது.

"அன்னைக்கு எப்படிச் சொன்னியோ, அப்படியே சொல்லு" என்றாள் அக்கா.

"அக்கா..."

"அழாமச் சொல்லும்மா. அன்னைக்கு நீ அழலையே. அவன் காதுல எப்படி விழுந்துச்சோ, அப்படி எனக்குக் கேட்கணும்."

மெத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை மூச்சை இழுத்து, நிமிர்ந்து, ஓடுதளத்துக்கு மேலே அந்த வெயிலில் பறந்துகொண்டிருந்தவளாகவே சொன்னாள்.

"கணவாய் தெளிவா இருக்கு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நானா இருந்தாலும் நம்பியிருப்பேன்" என்றாள். பிறகு பேனாவை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு, "வா, இதை எங்க அப்பாகிட்ட வந்து சொல்லு" என்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

மெத்தை அவள் பின்னால் போனாள். நீல மெத்தை நாற்காலியிலேயே கிடந்தது.