அஞ்சலை வீட்டில் போடாத ஊசி

1963 ஜூன் 17, திங்கள்.

சென்ற வாரம் ஒரு சிறு தவறு செய்தேன். சிறியது என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் வாந்திபேதித் தடுப்பூசி போட வந்த மாநில அரசுக் குழுவுக்குத் தமிழர் வீடுகளைக் காட்டுவது என் வேலை. அஞ்சலை அக்கா வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பிள்ளைக்கு அம்மை. அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் போகக்கூடாது என்று ஊசி போடும் டிரஸரிடம் சொன்னேன். அவர் அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டார்.

இன்று காலை அக்காவுக்கு வாந்திபேதி கண்டது. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது கண்கள் குழிக்குள் போயிருந்தன. பிழைப்பாரா என்று கேட்பதற்குள் வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அக்காவின் கணவர் நல்லையா என் சட்டையைப் பிடித்தார்.

"ஆத்தாளுக்குப் பயந்தியே தம்பி, இதுக்குப் பயப்படலியா? எனக்கும் பிள்ளைக்கும் எப்ப ஊசி?"

சுகாதார அலுவலகத்துக்கு ஓடினேன். கிளார்க் கருணாகரன் தலை நிமிரவில்லை.

"காஜா பெராங் முடிஞ்சிருச்சுன்னு மேல ரிப்போர்ட் போயாச்சு. ஊசி வண்டி இப்ப கிளேபாங்ல லா. மறுபடி எப்பன்னு மேலதான் சொல்லணும்."

"அதுக்குள்ள பிள்ளைக்கும் வந்துட்டா?"

"வந்தா ஆஸ்பத்திரி இருக்கு."

நான் படிக்கும் மாலை வகுப்புக்கு இன்று போகவில்லை. அன்று வழக்கத்தை மதித்தேனா, உள்ளே போகப் பயந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அக்காவை வாசலுக்குக் கூப்பிட்டு ஊசி போடச் செய்திருக்கலாம். அது இப்போதுதான் தோன்றுகிறது.

நாளை முதல் பஸ்ஸில் கிளேபாங் போக வேண்டும். டிரஸரிடம் நடந்ததைச் சொல்லி, ஊசிப் பெட்டியோடு அவரை நல்லையா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.