உயிரோடதானே இருக்கீங்க

ஊசி என்பது கிளினிக்கில் அவளுக்கு வைத்த பெயர். காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி போடுவதுதான் அவள் வேலை. நாக்கும் அதற்குத் தோதாகவே அமைந்துவிட்டது. அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்த தோழிக்கு ரொட்டி என்று பெயர் வைத்தது அவள்தான். ரொட்டி ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவள். இருட்டோடு எழுந்து போனால் மதியம்தான் திரும்புவாள். இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. ஊசி கட்டினவனை விட்டு வந்தவள். ரொட்டி கட்டிக்கொள்ளவே இல்லை.

வீடு ஊசியின் அண்ணனுடையது. மாடியில் இவர்கள் இருவரும், கீழே ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையும். அண்ணனுக்குத் திடீரென்று ஷோரூம் ஆசை வந்தது. கடைக்காரரை ஓர் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, ஆட்களைக் கூட்டி வந்து கீழ்த்தளத்தின் நடுச்சுவரை இடிக்க வைத்தார். சுவர் போன மறுநாளே மாடிக் குளியலறைக் கதவு மூட மறுத்தது.

"மழைக்குக் கதவு ஊதியிருக்கும்" என்றாள் ஊசி.

"மழையே பெய்யலையேடி."

அடுத்த வாரம் சமையலறைச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. ரொட்டி நேராக அண்ணனிடமே போய்க் கேட்டாள். "பிடிக்கலைன்னா காலி பண்ணிக்கோங்கம்மா, யாரும் கையைப் பிடிச்சு வைக்கலை" என்று அவர் செல்போனைப் பார்த்தபடி சொன்னார். விஷயம் ஊசி காதுக்குப் போனது. வீடு ரெண்டு பட்டது.

"எங்கண்ணன் வீட்டுல இருந்துக்கிட்டு எங்கண்ணன்கிட்டயே நியாயம் கேக்கப் போனியா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம்கிறது இதுதான்."

"உண்டது நான் சுட்ட ரொட்டிடி. உங்கண்ணன் வந்து ஊட்டி விடலை."

அன்றோடு பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதை ஃப்ரிட்ஜிடம் சொன்னார்கள். "சில பேரு பால் பாத்திரத்தைக் கழுவறதே இல்ல" என்று ஊசி ஃப்ரிட்ஜிடம் முறையிடுவாள். "சில பேருக்குக் கண்ணு இருந்தும் வெடிப்பு தெரியறதில்ல" என்று ரொட்டி அதே ஃப்ரிட்ஜிடம் பதில் சொல்வாள்.

ரொட்டி வேறு அறை பார்த்துவிட்டாள். வேலை முடிந்து வந்த ஒரு மதியம், பீரோவிலிருந்து துணிகளை எடுத்துக் கட்டிலில் குவித்தாள். அன்று ஊசிக்கு விடுப்பு. அறை வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"அந்தப் பச்சைத் துப்பட்டா என்னுது. வச்சிட்டுப் போ."

"வந்து எடுத்துக்கோ" என்று ரொட்டி அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

பிடுங்குவதற்காகத்தான் ஊசி உள்ளே வந்தாள். கட்டிலருகே வந்தபோது கீழேயிருந்து, கெட்டித் துணியை யாரோ நீளமாகக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் காலடியில் தரை இல்லை.

கண் விழித்தபோது ரொட்டிக்கு வாயெல்லாம் மண். கட்டில் ஒருபக்கம் நசுங்கி, அதன்மேல் பீரோ சரிந்து, அந்தப் பீரோவின்மேல் கூரையே உட்கார்ந்திருந்தது. இடையில் கிடைத்த பொந்தில் இரண்டு உடம்புகள். எங்கோ ஒரு கீறல் வழியாக வெளிச்சம் நூலாக வந்தது.

"ஏய், உயிரோட இருக்கியா?"

இருமல் கேட்டது. பிறகு, "உன்கூடப் பேசறதில்லன்னு சொன்னேன்ல."

ரொட்டிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. கையை நீட்டித் துழாவினாள். ஊசியின் இடது காலின்மேல் கான்கிரீட் விளிம்பு ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே சூடாக, பிசுபிசுவென்று ஒட்டியது.

"துப்பட்டாவை எடு. முட்டிக்கு மேல கட்டு" என்றாள் ஊசி. குரல் கிளினிக் குரலாக மாறியிருந்தது. "இறுக்குடி. பன்னு பாக்கெட்டா கட்டற?"

இறுக்கினாள். ஊசி கத்திய கத்தில் பொந்துக்குள் மண் உதிர்ந்தது. அதன் பிறகு அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. தூக்கம் வருது என்றாள். கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன் என்றாள். தூங்கவிட்டால் போய்விடுவாள் என்று ரொட்டிக்குப் பட்டது. கெஞ்சினாள், கன்னத்தில் தட்டினாள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"உங்கண்ணன் ஒரு திருட்டுப் பய."

"என்ன சொன்ன?"

"திருட்டுப் பய. பேராசை பிடிச்சவன். நம்மள உயிரோட புதைச்சிட்டான்."

"எங்கண்ணனை ஒண்ணும் சொல்லாத. அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வச்சதே அவன்தான்." ஊசி மூச்சு வாங்கினாள். "உனக்கு அண்ணன் இல்லைங்கிற வயித்தெரிச்சல்."

"ஆமா, இருந்திருந்தா ரெண்டு வீடு இடிஞ்சிருக்கும்."

இப்படியே போனது சண்டை. ரொட்டி திட்டத் திட்ட, ஊசி அண்ணனுக்காக வாதாடினாள். வாதாடிய நேரமெல்லாம் விழித்திருந்தாள்.

அப்போது மேலே காலடிச் சத்தம் கேட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து போட்ட கூச்சல் வெளியே எட்டவில்லை. வெளியே பேசியது மட்டும் உள்ளே தெளிவாக விழுந்தது.

"உள்ள யாராவது இருக்காங்களா?" யாரோ அதிகாரமாகக் கேட்டார்.

"யாரும் இல்லைங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டாங்க." அண்ணனின் குரல்.

ஊசி பேச்சை நிறுத்திவிட்டாள். நாளை விடுப்பு, வீட்டில்தான் இருப்பேன் என்று முந்தின இரவு அவள்தான் அண்ணனுக்கு போன் செய்திருந்தாள். அது ரொட்டிக்கும் தெரியும். சுவர் வழியாகக் கேட்டிருந்தாள். திட்டுவதற்கு இதைவிடத் தோதான நேரம் இனி வராது. ஆனால் அவள் திட்டவில்லை. கைக்கு எட்டிய எவர்சில்வர் டம்ளரை எடுத்து பீரோவில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

"இருங்கய்யா, மேல ஆளு இருக்காங்க. அந்தம்மா துணி காயப்போட்டதை நான் பார்த்தேன்" என்று இன்னொரு குரல் கத்தியது. டீ குடிக்கப் போனதால் தப்பித்த சைக்கிள் கடைக்காரர். "சத்தம் போடாதீங்க எல்லாரும். கேளுங்க."

பொழுது சாயும் நேரத்தில் இருவரையும் வெளியே எடுத்தார்கள்.

மருத்துவமனையில் வந்தவர் போனவரெல்லாம் ஒரே பாட்டைப் பாடினார்கள். உயிர் பிழைச்சதே பெரிசு, கடவுளுக்கு நன்றி சொல்லுங்க. எலும்பு நொறுங்கிய காலோடு படுத்திருந்தவளுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் கட்டோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்த ரொட்டி, அதையே சொல்ல வந்த ஊசியின் கிளினிக் நர்ஸ் ஒருத்தியிடம், "சொல்லியாச்சு, ரசீது வேணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அண்ணனும் அண்ணியும் பழப் பையோடு வந்தார்கள்.

"வீடு போனாப் போகுது. உயிரோடதானே இருக்கீங்க, அது போதும்" என்றார் அண்ணன். நாற்காலியை இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு நகராட்சி இன்ஜினியர் விசாரிக்க வருவாரு. பழைய கட்டடம், தானா உக்காந்துடுச்சுன்னு சொல்லிடும்மா. சுவர் விஷயம் எதுக்கு?"

ஊசி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "உள்ள யாரும் இல்லைன்னு ஏண்ணா சொன்ன?"

அவர் முகம் வெளுத்தது. "பதட்டத்துல... என்ன பேசினேன்னே தெரியல."

"முந்தின ராத்திரிதான லீவுன்னு உனக்கு போன் பண்ணினேன்."

"அதான் பிழைச்சாச்சே, அந்த நன்றிகூட இல்லாம கூடப்பிறந்தவனையே கேள்வி கேக்கறியே" என்று அண்ணி குறுக்கே விழுந்தாள்.

"நன்றியா?" ஊசி எழ முயன்றாள், முடியவில்லை. "என்னைச் சாகவிடாம பிடிச்சிருந்தது இந்த மாவு பிசையறவ. இவ உன்னைத் திட்டினா, நான் உனக்குப் பரிஞ்சு பேசினேன். உனக்காகப் பேசிப் பேசித்தாண்ணா நான் உயிரோட இருந்தேன். நீ வெளிய நின்னு எனக்குக் குழி மூடிக்கிட்டிருந்த." மூச்சு இரைத்தது. "பழத்தை எடுத்துக்கிட்டுப் போ. போயிடு."

அவர் போனார். பழப் பையை மட்டும் அண்ணி மறந்துவிட்டாள். "பழம் என்ன பாவம் பண்ணிச்சு" என்று ரொட்டி ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தாள். ஊசி அவளை முறைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் இன்ஜினியரிடம் சுவரைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். வழக்கு நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. உறவுக்காரர்கள் கூடப்பிறந்தவனைக் காட்டிக் கொடுத்தவள் என்று ஏசினார்கள். சித்தி தெருவில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருத்துவமனையிலிருந்து கிளம்புவதற்கு முன்தினம் ரொட்டி அவளுக்குத் தலை குளிப்பாட்டினாள். ஒற்றைக் கையால் தேய்த்தாள். முதல் மூன்று குவளைக்கும் சாம்பல் நிறத்தில் மண் இறங்கியது. அதன் பிறகு தண்ணீர் தெளிந்து, வெதுவெதுப்பாகக் கழுத்து வழியே வழிந்தது. ஊசி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு குவளை ஊத்துடி."

"ஏன், அழுக்கு போகலையா?"

"போயிடுச்சு. சும்மா ஊத்து. நல்லா இருக்கு." சற்றுப் பொறுத்து, கோபமாகவே சொன்னாள்: "இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லவே இல்ல."

பேக்கரிக்குப் பின்னால் ரொட்டி பார்த்திருந்த ஒற்றை அறையில் இருவரும் குடியேறினார்கள். ஊசி கோலூன்றி நடக்கத் தொடங்கியதும் முதலில் போனது சைக்கிள் கடைக்காரரைத் தேடித்தான். அவர் இப்போது நடைபாதையில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் நிழலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"உங்கண்ணனால என் கடை போச்சு. எதுக்கு வந்தீங்க?"

"நன்றி சொல்ல."

"அதை வச்சு நான் என்ன பண்றது?"

"தெரியல. சொல்லாம இருக்க முடியல, அதான் வந்தேன்."

அவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஊசி நகரவில்லை. வெயிலில் கோலூன்றி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் காலால் தள்ளினார்.

"நிக்காதீங்க. அந்தக் கால் இன்னும் ஆறலை" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.

ஊசி உட்கார்ந்தாள். அவர் அடுத்த டியூபை எடுத்தார்.