இணைச்சீர்க்காரி

அண்ணன் தனபாலின் கல்யாணத்தை யோகப்பிரியா போலந்தில் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து போனில்தான் பார்க்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விசா முடிந்துவிட்டது. தங்குவதற்கான அட்டை கைக்கு வராமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். படிப்பு பாதியில் நிற்கும். அட்டை தருகிற அலுவலகத்தில் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். முகூர்த்தம் இவர்களுக்காகக் காத்திருக்குமா?

வேலந்தாவளம் பக்கம் அவர்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. கூறைச்சேலையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளையும் மறு தலைப்பை உடன்பிறந்தவளும் பிடித்துக்கொள்வார்கள். இந்த அண்ணனுக்கு இந்தத் தங்கை என்று ஊரறியச் சொல்கிற சீர். அன்றைக்கு என்ன நிறப் பட்டு கட்டுவது என்று பள்ளிக்கூட நாளிலேயே அம்மாவிடம் சண்டை பிடித்தவள் யோகப்பிரியா.

"உன்ர எடத்துல ஆரயும் உக்கார வெக்கமாட்டன் அம்மிணி. மணை மேல போன வெச்சு, தலைப்ப அதும்மேல போட்டுக்கறன்" என்று தனபால் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான். அதை நம்பி, விடிந்தும் விடியாத அந்தக் குளிரில் இவள் பட்டுச்சேலை கட்டிப் பூ இல்லாத தலையோடு உட்கார்ந்திருந்தாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஆசைக்கு அதெல்லாம் தெரியுமா?

சொன்னபடியே போனை மணையில் வைத்தான். சீர் நடத்த வந்த அருமைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"போனு சேலை புடிக்குமுங்களா? உசுரோட ஒரு கை வேணுமுங்க."

அப்பா நஞ்சப்பன் சபையை ஒரு முறை பார்த்தார். "நம்ம பிரதீபாவ வரச் சொல்லுங்க" என்றார். பிரதீபா சித்தப்பா மகள்.

"வேண்டாண்ணா" என்றாள் யோகப்பிரியா. மேளச் சத்தத்தில் யார் காதில் விழும்? படம் சட்டென்று புரண்டது. அப்புறம் மண்டபத்துக் கூரையும் சுற்றுகிற மின்விசிறியும்தான் தெரிந்தன. கெட்டிமேளம் கேட்டபோது சீர் முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். வயிறெரிந்தது. பிரதீபா பாவம், அவள் என்ன செய்வாள் என்று தெரிந்தும் எரிந்தது.

சாயங்காலம் தனபால் கூப்பிட்டான். "பாத்தயா அம்மிணி?"

"பாத்தேண்ணா. நல்லா இருந்துச்சு. பிரதீபாவுக்குச் சேலை எடுப்பா இருந்துச்சு."



"பொய் சொல்லாத கண்ணு. போன மல்லாக்கப் போட்டது நாந்தான். நீ பாத்துட்டிருந்தா, அந்தத் தலைப்ப என்னால இன்னொருத்தி கையில குடுத்திருக்க முடியாது."